ஆடுகிற கெண்டி

கள்ளக்குறிச்சியில் நான் இன்ஜினியர். அத்தா, அதாவது என் அப்பா, ஊருக்கெல்லாம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறார். நான் படித்தது பொருள் வடிவமைப்பு. ஓசூரில் பிளாஸ்டிக் வீட்டுச் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. பக்கெட்டின் பிடி கையை அறுக்கக் கூடாது, டிபன் டப்பாவின் மூடியைச் சின்னப் பிள்ளையும் திறக்க வேண்டும், இப்படி எதையாவது யோசித்து வரைந்து சம்பளம் வாங்குகிறேன். ஊரில் "டிசைன்" என்று சொன்னால் மருதாணி போடச் சொல்லிக் கையை நீட்டுகிறார்கள். ஒரு நிக்காஹ் வீட்டில் மறுக்க முடியாமல் நாலு பேருக்குப் போட்டும் விட்டேன். சகிக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அத்தா என்னை இன்ஜினியர் ஆக்கினார்.

அத்தா அமீனுல்லாவுக்குக் கடைவீதியில் பிளாஸ்டிக், அலுமினியச் சாமான் கடை. சரக்கு வந்து இறங்கினால் அவர் செய்கிற முதல் வேலை ஒன்று உண்டு. குடமோ சொம்போ, ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்து விரலால் ஒரு தட்டு தட்டுவார். அசையாமல் நின்றால் அலமாரிக்குப் போகும். ஆடினால், "அடி உக்காரல" என்று ஓரம் கட்டிவிடுவார். அச்சிலிருந்து சூடு ஆறாமல் எடுத்த சாமானுக்கு அடி வளைந்திருக்கும். ஆடுகிற சாமானை விற்றால் கடை பேர் கெட்டுவிடும் என்பது அவருடைய கொள்கை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அந்தத் தட்டு தட்டுகிற வேலையை எனக்குக் கொடுப்பார். மற்றப் பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாடினார்கள், நான் வாளி வைத்து விளையாடினேன்.

எங்கள் பள்ளியில் இதற்கென்று ஒரு பாடம் கிடையாது. டாக்டர், இன்ஜினியர், டீச்சர், போலீஸ் என்று நாலே நாலு வேலைதான் உலகத்தில் இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் ஒருநாள், பக்கெட்டை யார் வரைகிறார்கள் என்று போனில் தேடிப் பார்த்தேன். அதற்கு ஒரு படிப்பும், அதற்கொரு நுழைவுத் தேர்வும் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. எங்கள் வகுப்பில் அந்தத் தேர்வை எழுதியது நான் ஒருத்திதான். சென்னைக்கு அம்மா கூட வந்தாள். வெளியே வந்ததும் கேட்டாள்.

"இன்னா வரையச் சொன்னாங்க?"

"விரல் இல்லாத ஒருத்தரு தண்ணி குடிக்கற மாதிரி ஒரு டம்ளர்."

"அடப் பாவமே. யாரு அது?"

அதற்கப்புறம் கல்லூரியில் நான்கு வருடம் பெரிய பெரிய ஆட்கள் வந்து பாடம் எடுத்தார்கள். யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

படிக்கும்போதும் தனி, வேலையிலும் தனிதான். இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. தையல்காரர் தைத்த சட்டையைப் போட்டவர் அவர் கண்ணெதிரே நடந்து போவார். நான் வரைந்த டப்பா யார் வீட்டிலோ இருக்கும், அதில் என் பெயர் இருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூர் சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் சாமான் வரிசைக்குப் போய் நிற்பேன். யாராவது என் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்து பார்ப்பார்கள். அது நான் செய்தது என்று சொல்ல வாய் துறுதுறுக்கும். சொன்னால் பைத்தியம் என்று நினைப்பார்கள். ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்புவேன்.

நான் வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆவதற்குள் அம்மா நூர்ஜகானுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு திரும்பி வந்தது. வலது கை முழங்கைக்குக் கீழே வரவேயில்லை, காலும் இழுத்துக்கொண்டது. தலை வாருவதற்கும் ஊக்கு குத்துவதற்கும் இடது கையைப் பழக்கிக்கொண்டாள். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுகிற ஒளுதான் பெரிய பாடாக இருந்தது. இருக்கிற ஒரே கையைக் கழுவ, அந்தக் கையாலேயே மூக்கு வைத்த கெண்டியைப் பிடிக்க முடியுமா? கொல்லையில் குழாய் முழங்கால் உயரத்தில் இருந்தது. அம்மாவால் அவ்வளவு தூரம் குனிய முடியாது. அதனால் அத்தாதான் தண்ணீர் ஊற்றினார். விடியற்காலையும் இரவும் அவர் வீட்டில் இருப்பார். பகல் வேளைகளுக்குக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மொபெட்டில் வருவார், ஊற்றுவார், போவார். மதியம் லுஹர், பிற்பகல் அஸர், அந்திக்கு மஃரிப், மூன்று தொழுகைக்கும் அப்படித்தான்.

"யாவாரம் நடக்கற நேரத்துல ஓடியாற வேண்டியிருக்குதும்மா. கடையில ஆளு நிக்குது, இங்க இவ குந்திக்கினு காத்துக்கினு இருக்கா" என்று போனில் அலுத்துக்கொள்வார்.

யாராவது அலுத்துக்கொண்டால் போதும், வடிவமைப்பு படித்தவளுக்குக் கை அரிக்கும். அதுதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது. கஷ்டத்தைக் கவனி, அதைக் குறைக்கிற சாமானைச் செய். அந்தக் கெண்டியை அப்படித்தான் ஆரம்பித்தேன்.

கெண்டிக்கு மூக்குக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் ஓர் இதழ் வைத்தேன். அடியைத் தட்டையாக விடாமல் முன்பக்கம் லேசாக வளைத்தேன். மேடைமேல் வைத்து, விளங்காத கையின் முழங்கையால் இதழை அழுத்தினால் கெண்டி முன்னால் சாயும். நல்ல கைமேல் தண்ணீர் விழும். முழங்கையை எடுத்தால் தஞ்சாவூர் பொம்மை மாதிரி தானே நிமிர்ந்துகொள்ளும். யாரும் பிடிக்க வேண்டாம், யாரும் ஊற்ற வேண்டாம். ஒரு கை விளங்காத யாருக்கும் உதவும் என்று சொல்லித்தான் கம்பெனியில் ஒப்புதல் வாங்கினேன். அம்மா பேச்சை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பரிதாபத்துக்கு ஒப்புக்கொண்டிருப்பார்கள், அது எனக்குப் பிடிக்காது.

கம்பெனியில் ஒரு சாமானுக்கு அச்சு வெட்டுவதற்குள் ஆட்சியே மாறிவிடும். அச்சு வந்தபோது அம்மா இல்லை. அவள் மவுத்தாகி நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து நான் ஓசூர் திரும்பிய வாரத்தில்தான் முதல் கெண்டி என் மேஜைக்கு வந்தது. அதைத் தொட்டு ஆட்டிவிட்டு ஆட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலிப் பெண் நன்றாக இருக்கிறது என்றாள். ஆமாம் என்றேன்.

கள்ளக்குறிச்சி டீலருக்கும் கெண்டி போகிறது என்று தெரிந்ததும் எனக்குள் ஓர் ஆசை வந்தது. அத்தாவிடம் சொல்லக் கூடாது. கெண்டி கடைக்குப் போகும், அத்தா கையில் எடுப்பார், திருப்பிப் பார்ப்பார், கம்பெனி பெயரைப் படிப்பார், சட்டென்று அவருக்குப் புரியும். போன் வரும். அம்மா போனதிலிருந்து எங்கள் போன் பேச்சு "சாப்ட்டியா", "சாப்ட்டேன்", "கடை?", "ஓடுது" என்பதோடு முடிந்துவிடும். அந்த ஒரு போனாவது வேறு மாதிரி இருக்கும் என்று காத்திருந்தேன். மழைக்காலம் போய் வெயில்காலம் வந்தது. போன் வரவில்லை.

அப்போதுதான் மலர்விழி கூப்பிட்டாள். பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். கல்வராயன் மலையில் ஓர் அரசுப் பள்ளியில் டீச்சராக இருக்கிறாள்.

"எங்க பசங்களுக்கு இன்னா படிக்கலாம், இன்னா வேலைக்கு போவலாம்னு ஒரு நிகழ்ச்சி வெச்சிருக்கோம்டி. போலீஸ்காரரு வராரு, நர்ஸ் வராங்க. உன் வேலை இன்னான்னு எனக்கே புரியல. நீயே வந்து சொல்லிடு. எதுனா நீ செஞ்ச சாமான் எடுத்துக்கினு வா, காட்டலாம்."

ஓசூரிலிருந்து கெண்டியை எடுத்து வந்திருக்கலாம். வேண்டுமென்றேதான் எடுத்து வரவில்லை. அத்தா கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம், பேச்சு அப்படி ஆரம்பிக்கட்டும் என்று இருந்தேன். காலையில் ஊர் வந்து சேர்ந்து, வீட்டில் பையை வைத்துவிட்டு நேராகக் கடைக்குப் போனேன்.

"அத்தா, ஒரு கெண்டி வந்திருக்குமே. மூக்கு மேல அகலமா ஒரு தட்டு வெச்சு."

அத்தா ஒரு பெண்ணுக்குக் குடம் காட்டிக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே சிரித்தார்.

"அதுவா? அத ஏன் கேக்கற. மூட்டை பிரிச்சா அம்புட்டும் ஆடுது. ஒண்ணு ரெண்டு ஆடுனா பரவால்ல, ஒண்ணுகூட உக்காரல. குடிச்சிட்டு அச்சு போட்டானுவளோ இன்னாவோ. டீலரு திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டான். மலைச் சந்தைக்குப் போற பழனிகிட்ட தள்ளிட்டேன். கழிவு மாலோட சேத்து குவியல்ல போட்டு வித்துப்பான்."

குடம் வாங்க வந்த பெண்ணும் சிரித்தாள்.

கோபம் வந்தால் எனக்குப் பேச்சு வராது. கோபம் யார்மேல் என்றும் தெரியவில்லை. எப்படி உபயோகிப்பது என்று படம் போட்ட அட்டைப்பெட்டியை, செலவு ஜாஸ்தி என்று எடுத்துவிட்டு மொட்டையாக மூட்டை கட்டி அனுப்பிய எங்கள் மார்க்கெட்டிங் ஆட்கள்மேலா? தட்டிப் பார்த்துத் தள்ளிவிட்டவர்மேலா? அவர் என்ன செய்வார், அவர் கற்ற பாடம் அது. எனக்கே அவர்தான் கற்றுக்கொடுத்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தேன்.

வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. கச்சிராயபாளையம் வரை கரும்பு டிராக்டர் பின்னாலேயே ஊர்ந்து, அதற்கப்புறம் மலை ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டார். இன்ஜினியர் என்றேன். சுலபமாக இருந்தது.

பள்ளியில் போலீஸ்காரருக்கும் நர்ஸுக்கும் பலத்த கைதட்டல். என் முறை வந்தபோது காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. முன்வரிசைப் பையனின் பேனாவை வாங்கி, இந்த மூடியில் ஏன் ஓட்டை இருக்கிறது என்று கேட்டேன். தெரியாமல் முழுங்கிவிட்டால் மூச்சு அடைக்காமல் இருப்பதற்கு என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. இதை எல்லாம் யோசிப்பதற்கு ஒரு படிப்பு இருக்கிறது, எந்த குரூப் எடுத்தாலும் நுழைவுத் தேர்வு எழுதலாம் என்றேன். பொம்மை செய்கிறவர்கள், நாற்காலி செய்கிறவர்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலும் செயற்கைக் காலும் வரைகிறவர்கள், பைக்கும் போனும் வரைகிறவர்கள் எல்லாரும் இதில் வருவார்கள் என்றேன். பிறகு சாக்பீஸ் எடுத்துக் கரும்பலகையில் என் கெண்டியை வரைந்தேன். மூக்கு, இதழ், வளைந்த அடி.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். விஜயலட்சுமி என்று பெயர் சொன்னாள்.

"மிஸ், இது எங்க வூட்ல இருக்குது. அம்மா சந்தைல வாங்கியாந்துச்சு."

சாக்பீஸைக் கீழே வைத்தேன். "எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"கோழிக்கு மிஸ். அந்த தட்டு மேல கோழி ஏறுச்சுன்னா கெண்டி சாஞ்சு தண்ணி வரும். எறங்குச்சுன்னா நிமிந்துக்கும். எங்க வூட்டு கோழிங்க தானாவே குடிச்சுக்கும்."

வகுப்பே சிரித்தது. மலர்விழி வாயைப் பொத்திக்கொண்டாள். நானும்தான் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அந்தக் கெண்டியை என்னைத் தவிர வேறு யாரும் புரிந்துகொள்ளவில்லை என்று நினைத்தேனே, அது தப்பு. மலைமேல் ஒரு கோழிக்குப் புரிந்திருக்கிறது. சிரிப்பு அடங்கியதும் விஜயலட்சுமி இன்னொரு கேள்வி கேட்டாள்.

"இத யாருக்காக செஞ்சீங்க மிஸ்?"

"எங்க அம்மாவுக்கு" என்றேன். இத்தனை நாளில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் வீடு பள்ளிக்குப் பின்னாலேயே இருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய்க் கெண்டியை எடுத்து வந்தாள். என் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டேன். இதழ் முழுக்கக் கோழி நகம் கீறிய கோடுகள். குழாயடியில் மலர்விழி தண்ணீர் பிடிக்க, மண் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

"எடுத்துக்கினு போய் இன்னாடி பண்ணப் போற?" என்றாள்.

"அத்தாகிட்ட காட்டணும்."

மலை இறங்குகிற பஸ்ஸிலிருந்து அத்தாவுக்குப் போன் போட்டேன். "மஃரிப்புக்கு வூட்டுக்கு வாங்க அத்தா."

அம்மா போனதிலிருந்து அவர் பகலில் வீட்டுக்கு வருவதில்லை. கடைக்குப் பக்கத்துப் பள்ளிவாசலிலேயே தொழுதுவிடுவார், ராத்திரி கடை சாத்திவிட்டுத்தான் வருவார்.

"எதுக்கு?" என்றார்.

"வாங்களேன்."

வெயில் இறங்குகிற நேரத்தில் மொபெட் சத்தம் கேட்டது. கொல்லையில் சிமெண்டு மேடைமேல் கெண்டியை நிரப்பி வைத்திருந்தேன். மேடையை ஒட்டி அம்மா உட்கார்கிற பிளாஸ்டிக் ஸ்டூல் இன்னும் அப்படியே கிடந்தது. அத்தா வாசற்படியில் நின்று ஸ்டூலைப் பார்த்தார். பிறகு கெண்டியைப் பார்த்தார்.

"அட, இது நான் கழிச்சு விட்ட மாலு." விரலால் ஒரு தட்டு தட்டினார். ஆடியது. "பாத்தியா? நான் இன்னா சொன்னேன்?"

"ஆடணும்னுதான் அத்தா செஞ்சது. நான் வரைஞ்சது. அம்மாவுக்குன்னு வரைஞ்சேன்."

அவர் என்னைப் பார்த்தார்.

"ஸ்டூல்ல உக்காருங்க. வலது கைய செத்த கைன்னு நெனச்சுக்கங்க. முழங்கையால அந்தத் தட்ட அழுத்துங்க."

உட்கார்ந்தார். அழுத்தினார். கெண்டி சாய்ந்தது, இடது கைமேல் தண்ணீர் விழுந்தது. எடுத்தார், நிமிர்ந்தது. மறுபடி அழுத்தினார். மணிக்கட்டு வரை கழுவி, வாய் கொப்பளித்து, முகம் கழுவி, கால் வரைக்கும் ஒற்றைக் கையாலேயே முழு ஒளுவையும் முடித்தார். பிறகு கெண்டியைக் கவிழ்த்து, கடையில் பார்ப்பதுபோலவே அடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல சாமான்" என்றார். "அச்சு சுத்தமா இருக்குது. பிசிறு இல்ல. நான்தான் தப்பா கழிச்சுட்டேன்."

இதற்குத்தானே காத்திருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு நிமிஷம்.

"அம்மா இருக்கறப்பவே வந்திருக்கணும் அத்தா. உங்களுக்கு அந்த அலைச்சல் இருந்திருக்காது."

அவர் ஈரக் கையைத் துடைக்காமல் உட்கார்ந்திருந்தார். குழாயைக் காட்டினார்.

"அந்த குழாய ஏத்தி வெக்க பிளம்பருக்கு எவ்ளோ நேரம் ஆவும்னு நெனைக்கற? அரை மணி. கடைக்கு எதிர்லதான் அவன் குந்திக்கினு இருப்பான்."

எனக்கு அப்போதும் புரியவில்லை.

"நான் கூப்புடல. அவளும் கூப்புடுன்னு ஒரு வார்த்தை சொல்லல" என்றார். "கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து காலைல கடை தொறந்தா ராத்திரிதான் வூடு. அவ மொகத்த நான் வெயில்ல பாத்ததே அந்த மூணு வருஷந்தான். தண்ணி ஊத்தறப்ப எதுனா பேசிக்கினே இருப்பா. பக்கத்து வூட்டு கதை, உன் கதை. இது அப்பவே வந்திருந்துச்சுன்னா எனக்கு வூட்டுக்கு வர்றதுக்கு வேலையே இல்லாம போயிருக்கும்மா."

நான் அந்தக் கெண்டிக்கு எத்தனையோ படம் வரைந்திருக்கிறேன். அம்மாவின் முழங்கை அளவு தெரியும், மேடையின் உயரம் தெரியும், எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு தண்ணீர் விழும் என்று தெரியும். ஒரு படத்திலும் இரண்டாவது ஆள் கிடையாது. யாரும் ஊற்ற வேண்டாம் என்பதைத்தான் பெரிய சாதனையாக எழுதி வைத்திருந்தேன். அங்கேயே நின்று அழுதேன். அம்மா போனதற்கு அழுதேனா, கெண்டி அப்போது வராமல் போனதே நல்லது என்று தோன்றிவிட்டதற்கு அழுதேனா, தெரியாது.

அத்தா கெண்டியை மேடைமேல் வைத்தார். ஆடி நின்றது.

"இத மறுபடி அனுப்பச் சொல்லி டீலருக்கு நாளைக்கு போன் போடறேன்" என்றார். "ஊத்தறதுக்கு ஆளு இல்லாதவங்க எவ்ளோ பேரு இருக்காங்க. அவங்களுக்கு வேணும். ஆனா படம் போட்ட பெட்டி இல்லாம அனுப்பாதன்னு உங்க கம்பெனில சொல்லு."

பள்ளிவாசலில் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். அவர் எழுந்து சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்த பழைய அலுமினியக் கெண்டியை எடுத்தார். குழாயடியில் குனிந்து நிரப்பினார்.

"நீ ஒளு பண்ணலியா? குந்து. கைய நீட்டு."

எனக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து நீட்டினேன். மெதுவாக ஊற்றினார். ஒவ்வொரு கைக்கும் நடுவே நிறுத்தி, இழுத்துக்கொண்ட காலும் விளங்காத கையும் உள்ளவளுக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தார். முழங்கைக்கு வந்ததும் கேட்டார்.

"ஸ்கூல்ல இன்னா பேசின? சொல்லு."

கோழிக் கதையிலிருந்து ஆரம்பித்தேன்.